செவ்வாயும் வெள்ளியும் பள்ளிக்கூடம் கிடையாது

கேள்வி: திருப்பூர் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9, சின்னவளுக்கு 5. மகனுக்கு ஏழு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. பள்ளியில் மதிய ஊசிக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. ஒருநாள் சுகர் இறங்கி வகுப்பிலேயே சாய்ந்துவிட்டான். அதற்குப் பிறகு மூவரையும் வீட்டில் வைத்தே படிக்கவைக்கிறேன். மாமியாருக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ், நான்தான் கூட்டிப்போக வேண்டும். கணவருக்கு பனியன் கம்பெனியில் வேலை, வீடு வர இரவு எட்டாகிவிடும். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை பீரியடு பிரித்து டைம்டேபிள் ஒட்டினேன், ஒரு வாரம்கூட அதன்படி நடக்கவில்லை. மூன்று பேரில் ஒருவருக்காவது முழுசாகச் சொல்லிக்கொடுத்தோம் என்ற நிறைவு இல்லை. எங்கே தப்பு செய்கிறேன்? பெரியவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வழி இருக்கிறதா?

பதில்: முதல் வேலையாக அந்த டைம்டேபிளைச் சுவரிலிருந்து கிழித்துவிடுங்கள். அது நாற்பது பிள்ளைகள், எட்டு ஆசிரியர்கள், ஒரு மணி அடிக்கும் ஆள் இருக்கும் கட்டடத்துக்குப் போட்டது. உங்கள் வீட்டில் மணி அடிப்பது இன்சுலின் ஊசியும் டயாலிசிஸ் நாளும். அவற்றை நகர்த்த முடியாது, பாடத்தை நகர்த்தலாம். நீங்களோ நகராத ஒன்பது மணிப் பாடத்தைப் போட்டுவிட்டு, ஊசியும் ஆஸ்பத்திரியும் அதற்கு நடுவே வந்து கெடுக்கின்றன என்று தவிக்கிறீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் என்கிறது. உங்கள் வீட்டுக்குச் சனி, ஞாயிறு, கோடை விடுமுறை என்ற கட்டாயம் இல்லை. 365 நாளில் செவ்வாய், வெள்ளி 104 நாளைத் தள்ளினால் 261 மிச்சம். காய்ச்சல், கல்யாணம், நோம்பி என்று இன்னும் 40 நாள் போகட்டும். அப்போதும் 221. பெரியவளுக்குக்கூட ஒரு நாள் கூடுதலாகவே நிற்கிறது. அதனால் டயாலிசிஸ் நாள்களில் பாடம் நடத்தும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். 'இன்றைக்குப் பாதிதான் நடந்தது' என்று வாரத்துக்கு இரண்டு முறை மனம் கசப்பதற்கு, 'இன்றைக்குப் பள்ளி கிடையாது' என்று சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

மணிக்கணக்கும் அப்படித்தான். பள்ளியின் ஐந்து மணி நேரத்தில் வரிசை, வருகைப்பதிவு, நோட்டுத் திருத்தம், அடுத்தவன் முடிக்கும்வரை காத்திருப்பு என்று எவ்வளவோ கரைந்துபோகும். ஐந்து வயதுக்காரிக்கு உங்களோடு உட்கார்ந்து அரைமணி போதும், மிச்சமெல்லாம் அவளுக்கு விளையாட்டு. மகனுக்கு ஒன்றரை மணி. பெரியவளுக்கு மூன்று மணி, அதில் நீங்கள் கூட இருக்க வேண்டியது முக்கால் மணி.

நான் பன்னிரண்டு வருடம் ஈராசிரியர் பள்ளியில் இருந்தவள். இரண்டு பேர், ஐந்து வகுப்பு. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஒரே ஆள், ஐந்து வகுப்பு. அதனால் உங்கள் கடிதம் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. பிள்ளைகள் பாட அட்டைகளை வைத்து, ஏணிப்படி போலப் படிப்படியாகத் தாமே படித்து ஏறும் செயல்வழிக் கற்றல் முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்க வந்தபோது எங்களைப் போன்றவர்கள் அதில் ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டோம். அட்டை, ஏணிப்படி எல்லாம் ஊரறிந்தவை. எனக்குப் பிடித்தது குழு பிரித்த விதம். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல், இந்த நிமிடம் அதற்கு எவ்வளவு துணை வேண்டும் என்று பார்த்தார்கள். ஆசிரியர் முழுசாகக் கூட இருக்க வேண்டியவர்கள், பாதி இருந்தால் போதும் என்பவர்கள், கூட்டாளியோடு செய்பவர்கள், தானே செய்பவர்கள். ஆசிரியர் முதல் வட்டத்தில்தான் உட்காருவார்.

உங்கள் வீட்டுக்கும் அதுவே போதும். எந்த நேரத்திலும் மூவரில் ஒருவர்தான் உங்கள் பக்கத்தில் பாயில் இருப்பார். ஒருவர் தானே செய்வார், ஒருவர் விளையாடுவார் அல்லது பாட்டியோடு இருப்பார். உங்களிடம் உட்காரும்போது புதுப்பாடம் மட்டும். பழைய பாடத்தின் பயிற்சி தனியே செய்யும் வேலை. பல தாய்மார்கள் செய்வது தலைகீழ். பிள்ளை கணக்குப் போடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், புதுப்பாடத்தை அடுப்படியிலிருந்து கத்திச் சொல்வார்கள்.

தனித்தனியே நடத்த வேண்டியது தமிழும் ஆங்கிலமும் படிக்க எழுதச் சொல்லித்தருவது, கணக்கு, இவ்வளவுதான். அறிவியலும் சமூக அறிவியலும் மூவருக்கும் ஒன்றாகவே நடக்கட்டும். கரண்ட் போனால் இன்சுலினை எங்கே வைப்பது என்பது உங்கள் வீட்டின் நிஜப் பிரச்சினை. திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரிக் குளிர் வேண்டும். ஒரு மண்பானை, ஒரு எவர்சில்வர் தூக்கு, ஒரு தெர்மாமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, நிழலில் வைக்கட்டும். சின்னவள் எது ஜில்லென்று இருக்கிறது என்று தொட்டுச் சொல்வாள். மகன் மணிக்கொரு தடவை டிகிரியைக் குறிப்பான். பெரியவள் ஆவியாதல் ஏன் வெப்பத்தை இழுக்கிறது என்று புத்தகத்தில் தேடி எழுதுவாள். ஒரு வாரத்துக்கு இது போதும். பானை ஃப்ரிட்ஜ் ஆகாது என்பதையும் அந்த எண்களே அவர்களுக்குச் சொல்லிவிடும்.

கணக்குக்கு உங்கள் சமையலறைத் தராசு இருக்கிறது. பத்து இட்லியை நிறுத்து, சராசரி எடை எடுத்து, மாவுச்சத்து எவ்வளவு என்று போடுவது ஐந்தாம் வகுப்புக்காரனுக்கும் எட்டாம் வகுப்புக்காரிக்கும் பொதுவான கணக்கு. ஆனால் ஊசியின் அளவை முடிவு செய்வது பிள்ளைகள் வேலை அல்ல. விடை எதுவாக வந்தாலும் டாக்டர் சொன்னபடி நீங்கள்தான் போட வேண்டும். இன்னொன்றும் உண்டு. தம்பியின் சுகர் நோட்டை எடுத்து அக்கா வரைபடம் போடுவது நல்ல பாடம்தான், அவன் சம்மதித்தால். அது அவன் உடம்பு. வேண்டாம் என்றால் வீட்டு மின்கட்டணத்தை வைத்து வரைபடம் போடட்டும்.

மகன் விஷயத்தில் நீங்கள் எழுதாத ஒன்றை நானே ஊகிக்கிறேன். சில நாள் பதினொரு மணி வாக்கில் அவன் கணக்கில் மக்குத்தனமாகத் தப்பு செய்வான், எரிந்து விழுவான், நீங்களும் திட்டியிருப்பீர்கள். திட்டுவதற்கு முன் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் அது சோம்பேறித்தனம் அல்ல. டாக்டர் சொன்ன அளவு குளுக்கோஸ் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். மீட்டரில் எண் ஏறிய பிறகும் தலை தெளிய அரைமணி, முக்கால் மணி ஆகலாம், அதுவரை புதுப்பாடம் எடுக்காதீர்கள். சுகர் மிகவும் ஏறி இருக்கும்போதும் கவனம் நிற்காது, பாத்ரூமுக்கும் தண்ணீருக்கும் நடந்துகொண்டே இருப்பான். அவனுக்கான கடினமான பாடத்தைக் காலைச் சாப்பாடு முடிந்து சுகர் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மூவருக்கும் ஆளுக்கொரு பழைய ஷூ டப்பா வையுங்கள். படுத்துக்கொண்டே செய்யக்கூடியவை மட்டும் அதில் இருக்கட்டும்: கதைப்புத்தகம், வாய்பாட்டுச் சீட்டு, வண்ணம் தீட்ட ஒன்று. காய்ச்சல் நாளில் அதைத் திறந்தால் போதும், நீங்கள் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. மகனுக்குக் காய்ச்சல் என்றால் உங்கள் யோசனை முழுக்க அவன்மேல் இருக்க வேண்டும். அவன் சாப்பிடாமல் கிடந்தாலும் இன்சுலினை அடியோடு நிறுத்திவிடக் கூடாது. அளவை டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்த இடம். செவ்வாயும் வெள்ளியும் நீங்கள் மாமியாரோடு போய்விட்டால், டயாலிசிஸ் நாலு மணி நேரம், போக வர ஒன்றிரண்டு மணி. அந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எழுதவில்லை. பெரியவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்றால், தயவுசெய்து இந்த வாரமே அதை மாற்றுங்கள். திண்ணைப் பள்ளிக் காலத்திலிருந்தே நமக்குச் சட்டாம்பிள்ளை உண்டு. மூத்த பிள்ளை இளையதுக்குச் சொல்லித்தருவது நல்ல வழக்கம். எழும்பூரில் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் அதைப் பார்த்து இங்கிலாந்துக்கே கொண்டுபோனார், அங்கே அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர். தங்கைக்கு அவள் அ, ஆ சொல்லித்தரட்டும், தினம் இருபது நிமிடம். தம்பிக்குச் சுகர் இறங்கி மயங்கினால் என்ன செய்வது என்ற பாரத்தை மட்டும் பதின்மூன்று வயதுத் தோளில் ஏற்றக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காவோ உங்கள் அம்மாவோ, பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அவருக்குக் குளுக்கோஸ் டப்பா எங்கே இருக்கிறது, மயங்கிக் கிடப்பவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108க்கு அழைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள். ஆள் கிடைக்காத நாளில் மகனையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.

டயாலிசிஸ் முடிந்து வந்த அன்று மாமியார் அசந்து கிடப்பார். மறுநாள் கொஞ்சம் தெளிச்சியாக இருந்தால் சின்னவளின் வாசிப்பை அவர் காதில் போடலாம். அவருக்கு எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை. குழந்தை தடுமாறும்போது 'ம்… அப்புறம்?' என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும்.

பெரியவளின் பத்தாம் வகுப்புக்கு வருவோம். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும், தமிழும் எடுக்கலாம். உங்களைப் போன்ற வீடுகளுக்கு அதை நான் சொல்வது ஒரே காரணத்துக்காக: ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் வாக்கில் தேர்வு நடக்கும். பதிவு ஐந்து ஆண்டு செல்லும், ஒன்பது வாய்ப்பு. பாட்டிக்கு முடியாமல் போன பருவத்தில் ஒரு பாடம், நிதானமான பருவத்தில் இரண்டு என்று எழுதிக்கொள்ளலாம். மாநில வாரியம்தான் வேண்டும் என்றால் பள்ளியில் சேராமல் பரீட்சை மட்டும் எழுதும் தனித்தேர்வர் வழி இருக்கிறது, பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் முதலில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதிவிட்டு, பிறகு பத்தாம் வகுப்புக்குப் போகலாம். எதற்குப் பதிவதாக இருந்தாலும், பிறகு அவள் சேர நினைக்கும் மேல்நிலைப் பள்ளியிலோ பாலிடெக்னிக்கிலோ அந்தச் சான்றிதழ் செல்லுமா என்று இப்போதே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையும் சொல்லாமல் இருக்க மாட்டேன். மகனைப் பள்ளியிலிருந்து எடுத்தது நீங்கள் விரும்பிச் செய்ததல்ல, அந்தப் பள்ளி உங்களைத் தள்ளியது. டைப் 1 பிள்ளைகள் வகுப்பு நேரத்தில் சுகர் பார்க்கவும் ஊசி போட்டுக்கொள்ளவும் இடையில் சாப்பிடவும் அனுமதிக்க வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2023இல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. பள்ளியை விட்டு நின்ற 6 முதல் 14 வயதுப் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது. பக்கத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி இருந்தால் டாக்டர் கடிதத்தோடு ஒருமுறை தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டு வாருங்கள். சின்னவள் மட்டுமாவது அங்கே போனால் உங்கள் நாளில் பெரிய இடம் காலியாகும். மூவரும் ஒரே மாதிரி படித்தால்தான் நியாயம் என்று எந்தச் சட்டமும் இல்லை.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து சுகர் பார்ப்பது நீங்களாகத்தான் இருக்கும். வாரத்தில் இரண்டு ராத்திரி அந்த முறை கணவருடையது என்று இன்றே பேசிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கணக்குப் பாடமும் அவருடையது. பனியன் கம்பெனியில் டஜன், சதவீதம், வேஸ்டேஜ் எல்லாம் தினம் போடுகிறவர்தானே. மகனை டாக்டரிடம் காட்டும் நாளிலேயே உங்களுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் எனக்கு எழுத வேண்டும்.

கடைசியாக, வெள்ளைப் பலகை வாங்கலாமா என்று ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், மார்க்கருக்கே மாசம் காசு போகும். எங்கள் பள்ளியில் சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுதும் உயரத்துக்கு, கரும்பலகை பெயின்ட் அடித்து ஆளுக்கொரு கட்டம் பிரித்திருந்தோம். மூன்று கட்டம் போதும். வாடகை வீடு என்கிறீர்கள், அதனால் வீட்டுக்காரரிடம், இரண்டு அர்த்தத்திலும், கேட்டுவிட்டு அடியுங்கள்.