மணாலியிலிருந்து லே வரை தனியாகச் சைக்கிளில்

கேள்வி: எனக்கு 46 வயது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் பலமுறை சைக்கிளில் ஏறியிருக்கிறேன். செப்டம்பரில் மணாலியிலிருந்து லே வரை தனியாகச் செல்ல விரும்புகிறேன். எட்டு நாள் விடுப்பு கிடைக்கும். வீட்டில் அஞ்சுகிறார்கள். மலையேறிப் பழகியவனுக்கு இது ஆகாத காரியமா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: தங்களால் முடியும், ஆனால் எட்டு நாள் போதாது. லேயில் இளைப்பாறும் நாள்களைச் சேர்க்காமலே பன்னிரண்டு நாளாவது ஒதுக்குங்கள். கொடைக்கானல் ஏற்றம் தங்கள் கால்களுக்கு நல்ல பயிற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஏற்றம் முடிகிற ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில்தான் மணாலிப் பயணம் தொடங்கவே செய்கிறது. ரோதாங் கணவாய் 3,978 மீட்டர். அதற்கப்பால் பாரலாச்சா, நக்கீ லா, லாச்சுங் லா ஆகிய கணவாய்களைக் கடந்து ('லா' என்றாலே கணவாய்தான்), சுமார் 5,300 மீட்டர் உயரமுள்ள தங்லங் லாவை அடையும்போது காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியளவே இருக்கும்.

பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட இரவில் எவ்வளவு உயரத்தில் உறங்கினோம் என்பதே இந்தப் பாதையில் முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் பொது அறிவுரை. நான் அதை மீறி, சுமார் 3,200 மீட்டரில் இருக்கும் ஜிஸ்பாவிலிருந்து ஒரே நாளில் சிங்சிங்பாருக்கு ஏறி, அன்றிரவு முழுவதும் தலைவலியில் விழித்துக் கிடந்தேன். மறுநாள் பட்சியோவுக்குத் திரும்பி இறங்கிய பிறகே தெளிந்தது. ஆகவே கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவும், பட்சியோவில் ஓர் இரவும் தங்கிவிட்டு மேலே செல்லுங்கள்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. பாரலாச்சாவுக்கும் தங்லங் லாவுக்கும் இடையே 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் சாலை 4,000 மீட்டருக்குக் கீழே இறங்குவதே இல்லை. இடையிலுள்ள சர்ச்சுவிலோ பாங்கிலோ உடல்நிலை மோசமானால், எந்தத் திசையில் இறங்குவதானாலும் முதலில் ஒரு கணவாயின் மீது ஏறியாக வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தடுமாறினாலோ சைக்கிளை ஏதேனும் ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு அன்றே இறங்கிவிடுங்கள். உயரத்தால் வரும் நோயில் மூளை வீங்கும்போது சிந்தனையும் குழம்பும் என்பதால், தனியாகச் செல்பவருக்குத் தன் நிலை தனக்கே தெரியாமல் போகும். அதனால் ஒவ்வொரு இரவும் கூடாரக் கடைக்காரரிடம், காலையில் தங்களை எழுப்பிப் பேசிப் பார்க்கும்படி சொல்லி வையுங்கள். அவர்கள் இத்தகைய நோயாளிகளை நிறையப் பார்த்தவர்கள். உயர நோய்க்கான மாத்திரைகளைத் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கேள்வி: உணவும் தங்கும் இடமும் வழியில் கிடைக்குமா? கூடாரம் சுமக்க வேண்டுமா?

பதில்: பருவத்தில் சிங்சிங்பார், சர்ச்சு, பாங் முதலிய இடங்களில் பருப்புச் சோறும் முட்டையும் படுக்கையும் தரும் கூடாரக் கடைகள் இருக்கும். செப்டம்பர் கடைசியில் அவை ஒவ்வொன்றாக மூடப்படுவதால், மாதத் தொடக்கத்திலேயே புறப்படுங்கள். ஆயினும் சிறு கூடாரமும் கனத்த உறக்கப் பையும் அவசியம் வேண்டும். எதிர்க்காற்று வலுத்தால் அடுத்த கடை வரை செல்ல முடியாமல் போகலாம். பனி உருகி வரும் ஓடைகள் பிற்பகலில் பெருகுமாதலால் அவற்றைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். இடையில் சைக்கிள் கடை கிடையாது என்பதால் டியூப், செயின் இணைப்பு, பிரேக் கட்டைகள் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். பிற மாநில முன்கட்டணச் சிம் லடாக்கில் இயங்காது. வழியின் பெரும்பகுதியில் எந்தத் தொடர்பும் இராது என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களுடைய அச்சம் பாதி குறையும்.

கேள்வி: அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம் எது?

பதில்: பாங்கைத் தாண்டி ஓர் ஏற்றம் ஏறியதும் விரியும் மோரே சமவெளி. சுமார் 4,700 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலை தட்டையாக நீள்கிறது. இருபுறமும் மரமற்ற பழுப்பு மலைகள், எங்கோ தொலைவில் சாங்பா இடையர்களின் ஆட்டுமந்தை, வாய்ப்பிருந்தால் கியாங் எனப்படும் காட்டுக் கழுதைகள். நண்பகலுக்குப் பின் காற்று எதிர்த்து வீசும் என்பதால், பாங்கிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். அந்த அமைதியில் தங்கள் டயரின் ஓசை மட்டுமே கேட்கும்.