டீச்சரிடம் கேளுங்கள்: நான்கு ஆறுகளின் ஊர்

போன மாத இதழில் ஒரு வாசகி, "உலகத்தில் ஒரே ஓர் ஊரைப் பார்க்கலாம் என்றால் எங்கே போவீர்கள்?" என்று கேட்டிருந்தார். "தென்னமெரிக்காவில், எக்குவடோர் நாட்டிலுள்ள குவெங்கா" என்று ஒரு வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. ஆகவே இந்த மாதம் முழுவதும் குவெங்காதான். நான் அங்கே போனதில்லை. முப்பத்தொரு வருஷம் புவியியல் படிப்பித்தவள். அந்த ஊரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, வரைபடத்தில் தெருத்தெருவாகப் பார்த்து வைத்திருக்கிறேன். அதிலிருந்து சொல்கிறேன்.

கேள்வி: டீச்சர், குவெங்கா எப்படி இருக்கும்? கண்டி மாதிரியா, நுவரெலியா மாதிரியா? (தரம் 10 மாணவன், தலவாக்கலை)

மகன், முதலில் உயரத்தைப் பிடித்துக்கொள். நமது இலங்கையின் மிக உயர்ந்த இடம் பிதுருதலாகல உச்சி, 2,524 மீற்றர். குவெங்கா ஏறக்குறைய 2,550 மீற்றரில் இருக்கிறது. நம்முடைய உச்சிக்கும் கொஞ்சம் மேலே ஒரு முழு நகரம், அதுவும் பள்ளத்தாக்கில்! அதைச் சுற்றி அந்தீஸ் மலைகள் இன்னும் உயரமாக நிற்கின்றன. மத்திய கோட்டுக்குத் தெற்கே மூன்று பாகைக்குள் இருப்பதால் அங்கே கோடையும் பனிக்காலமும் மாறிமாறி வருவதில்லை. நுவரெலியாவில் நாம் காணும் அதே கதைதான். நடுப்பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், பின்னேரம் கம்பளிச்சட்டை தேடவேண்டும்.

ஊரின் முழுப் பெயருக்கு 'நான்கு ஆறுகளின் சாந்தா அனா தெ குவெங்கா' என்று பொருள். தொமெபம்பா, யனுங்காய், தார்க்கி, மச்சாங்கரா ஆகியவை அந்த நான்கு ஆறுகள். ஊருக்கு மேற்கே காஹாஸ் என்ற உயர்ந்த புல்வெளி இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ள இடம். நமக்கு ஹோட்டன் சமவெளி எப்படியோ குவெங்காவுக்குக் காஹாஸ் அப்படி. அதன் மேற்குச் சரிவில் விழும் மழை பசிபிக் சமுத்திரத்துக்குப் போகிறது. கிழக்குச் சரிவில் விழுவது குவெங்காவின் ஆறுகளாகி, அமேசனோடு சேர்ந்து, ஒரு கண்டத்தையே கடந்து அத்திலாந்திக்கில் விழுகிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் வரைபடத்தில் விரல் வைத்துக் கோடு இழுத்துப் பார்ப்பார்கள். நீயும் இழுத்துப் பார்.

கண்டியோடு ஒப்பிட வேண்டியது வரலாற்றைத்தான். அந்த இடத்தில் முதலில் கன்யாரி மக்கள் இருந்தார்கள். அவர்கள் வைத்த பெயர் குவாபொந்தெலிக். 15ஆம் நூற்றாண்டில் இன்காக்கள் வந்து பிடித்து, தொமெபம்பா என்ற பெரிய நகரத்தைக் கட்டினார்கள். பேரரசர் ஹுவைனா கபாக் பிறந்தது அங்கேதான் என்பது மரபு. அவர் இறந்தபின் மகன்மார் இருவர், ஹுவாஸ்கரும் அத்தவால்பாவும், அரியணைக்காக மோதிக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் அத்தவால்பாவின் படை தொமெபம்பாவை அழித்தது. ஸ்பானியர் வந்தபோது அங்கே இருந்தது இடிபாடு.

1557 ஏப்ரல் 12ஆம் திகதி கில் ராமிரெஸ் தாவாலோஸ் என்ற ஸ்பானிய அதிகாரி புதிய நகரத்தை நிறுவினார். நடுவில் ஒரு சதுக்கம், அதிலிருந்து சதுரங்கப் பலகை போல நேர் தெருக்கள். ஸ்பெயின் மன்னர் வகுத்துக் கொடுத்த முறை அது. அந்தத் தெருக்கள் நானூறு வருஷத்துக்கும் மேலாக இன்றுவரை அப்படியே இருக்கின்றன. பழைய தேவாலயத்தின் அடிச்சுவரில் இன்காக்களின் கற்களை எடுத்து வைத்துக் கட்டினார்கள். கண்டி 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது, குவெங்கா 1999இல்.

இன்னொன்றையும் கவனி. குவெங்கா என்பது ஸ்பெயினிலுள்ள ஓர் ஊரின் பெயர். நகரத்தை நிறுவக் கட்டளையிட்ட அரசப் பிரதிநிதி பிறந்த ஊர் அது. குவாபொந்தெலிக் என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்ன இடத்துக்கு, ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருந்த ஊரின் பெயரைக் கொண்டுவந்து வைத்தார்கள். பூண்டுலோயாவில் டன்சினன் தோட்டம் இருக்கிறதல்லவா? அது ஸ்கொட்லாந்திலுள்ள ஒரு குன்றின் பெயர். நம்முடைய ஆட்கள் தோட்டங்களுக்குத் தாங்களே வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். உன் தோட்டத்துக்கும் அப்படி ஒரு பெயர் இருக்கும். வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதி வை.

கேள்வி: நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் துரை வெள்ளை நிறத்தில் ஒரு பனாமா தொப்பி வைத்திருந்தார். தொட விடமாட்டார். அது குவெங்காவில் செய்தது என்று இப்போது பேரன் சொல்கிறான். அப்படியென்றால் ஏன் பனாமா? (ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, மஸ்கெலியா)

ஐயா, உங்கள் பேரன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் குவெங்காவைத் தேடிப் போனதே அந்தத் தொப்பியால்தான்.

பனாமா தொப்பி பனாமாவில் பிறந்ததே இல்லை, அது எக்குவடோரின் தொப்பி. கரையோரத் தாழ்நிலத்தில் தொக்கியா என்று ஒரு செடி வளர்கிறது. பார்க்கப் பனை மாதிரி, ஆனால் பனை இல்லை. அதன் இளங்குருத்தை வெட்டி, நார் நாராகக் கிழித்து, அவித்து, காயவைத்து மலைக்குக் கொண்டுவருவார்கள். குவெங்காவைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெண்கள் அதைப் பின்னுவார்கள். உச்சியின் நடுவில் தொடங்கி வட்டம் வட்டமாக வந்து, தலைப்பகுதி முடிந்ததும் விளிம்புக்கு இறங்குவார்கள். நார் காய்ந்தால் ஒடியும், அதனால் விரலை ஈரப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரணத் தொப்பி ஒரு நாளில் முடியும். மிக நுண்மையானதுக்கு எட்டு மாதம்கூட ஆகும். ஒரு தலையில் வைக்கும் பொருளுக்கு எட்டு மாதம், ஐயா! அதற்கப்புறம் கழுவி, வெளுத்து, அச்சில் வைத்து அழுத்தினால்தான் உங்கள் துரை போட்ட தொப்பியாகும்.

பெயருக்கு வருவோம். கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி கேட்டு 1849இலிருந்து ஆயிரமாயிரம் பேர் பனாமாவின் ஒடுங்கிய நிலப்பகுதி வழியாகப் போனார்கள். எக்குவடோரிலிருந்து கப்பலில் வந்த தொப்பி அங்கேதான் அவர்கள் கைக்குக் கிடைத்தது. அப்புறம் 1906இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பனாமாக் கால்வாய் வேலையைப் பார்க்கப் போய், இந்தத் தொப்பியோடு படம் எடுத்துக்கொண்டார். பெயர் நிலைத்துவிட்டது. வாங்கிய இடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது, பின்னிய கையின் ஊர் மறைந்துபோனது. 2012இல் அந்தப் பின்னல் கலையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமையாகப் பட்டியலிட்டபோது, எக்குவடோரின் தொக்கியா நார்த்தொப்பி என்றே எழுதியது. அந்த வரியைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

எனக்கு ஏன் இது இவ்வளவு நெருக்கம் என்று கேட்பீர்கள். என் அம்மா முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவர். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் ஏறிய கறை, பென்ஷன் எடுத்த பிறகும் பல வருஷம் போகவில்லை. ஒரு முறை கொழும்பில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடி அலுமாரியில் அழகான தேயிலைப் பெட்டிகள். அம்மா ஒன்றைக் கையில் எடுத்து, "இதில நம்ம மலை பேரு எங்கே இருக்கு, வாசிச்சுக் காட்டு" என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தோட்டத்தின் பெயர் இல்லை, பிரதேசத்தின் பெயர்கூட இல்லை. அன்றைக்கு அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை, பெட்டியைத் திரும்ப அலுமாரியில் வைத்த விதம் மட்டும் நினைவிருக்கிறது.

1940களின் பிற்பகுதியிலிருந்து தொப்பிக்கு விலை சரிந்தது. வீட்டுக்கு வீடு பின்னி வாழ்ந்த கிராமங்களில் சோற்றுக்கு வழியில்லாமல் போனது. ஆண்கள் நியூயோர்க் பக்கம் கிளம்பினார்கள். அவர்கள் அனுப்பிய டொலரில் மாடி வீடுகள் எழும்பின, வீட்டில் இருந்தது கிழவிகளும் குழந்தைகளும். நம் பக்கத்தில் அம்மாமார் மத்திய கிழக்குக்குப் போன வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். அந்தக் கிராமங்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கேள்வி: ஹக்கல தாவரவியல் பூங்காவுக்கும் எக்குவடோருக்கும் தொடர்பு உண்டு என்று கேள்விப்பட்டேன். சரியா? (வாசகி, வெலிமடை)

சரிதான், தங்கச்சி. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினா மருந்து, சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. அந்த மரத்தின் தாயகம் அந்தீஸ் சரிவுகள். குவெங்காவுக்குத் தெற்கேயுள்ள லோஹா பகுதிப் பட்டைக்கு ஐரோப்பாவில் பெரிய மதிப்பு. பூமியின் வடிவத்தை அளக்க வந்த பிரெஞ்சு அறிஞர் லா கொந்தமீன் 1737இல் லோஹாவுக்குப் போய் அந்த மரத்தைப் பார்த்து விவரித்தார். (அந்த அளவைக் குழு குவெங்காவின் பழைய தேவாலயக் கோபுரத்தைத் தன் கணக்குக்கு ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டது.) 1860இல் ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற ஆங்கிலேயர் எக்குவடோரின் சிம்பொராசோ மலைச்சரிவில் சிவந்த பட்டையுள்ள சிங்கோனா மரத்தின் விதைகளையும் கன்றுகளையும் சேகரித்தார். அவை பிரித்தானிய ஆட்சியிலிருந்த நாடுகளுக்குப் போயின. 1861இல் ஹக்கல தோட்டம் தொடங்கப்பட்டதே சிங்கோனாவை வளர்த்துப் பார்க்கத்தான்.

1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டு தோட்டங்கள் அழிந்தபோது, பல துரைமார் சிங்கோனாவை நட்டார்கள். எல்லாரும் நட்டதால் பட்டை குவிந்து விலை விழுந்தது. அதன் இடத்தில் தேயிலை ஏறியது. லூல்கந்துரவில் தேயிலை வைத்த ஜேம்ஸ் டெய்லர்கூட சிங்கோனா வளர்த்தவர்தான். கோப்பிக்கும் தேயிலைக்கும் நடுவில் நம் மலைகளில் நின்ற அந்த மரத்தை இன்று யாரும் பேசுவதில்லை. என் அம்மாயி 1934, 35 மலேரியாவின்போது கேகாலைப் பக்கம் இருந்தவர். கொயினாத் தண்ணியின் கசப்பைச் சொல்லும்போது எண்பது வயதிலும் முகத்தைச் சுளிப்பார். உயிரோடு இருந்தது அதனால்தான் என்றும் சொல்வார்.

கேள்வி: மலை ஊர் என்கிறீர்கள். அங்கேயும் மண்சரிவு வருமா? (வாசகி, கொஸ்லந்தை)

வரும், அம்மா. நீங்கள் எந்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள் என்று பார்த்ததும் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி உங்கள் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர் லயங்கள் புதைந்ததை நாம் யாரும் மறக்கமாட்டோம்.

குவெங்காவுக்குக் கிழக்கே லா ஹொசெஃபீனா என்ற இடத்தில் 1993 மார்ச் 29ஆம் திகதி இரவு ஒரு மலை சரிந்து பாவுத்தே ஆற்றை அடைத்தது. மலையின் அடிவாரத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள், சரிவுக்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆறு அடைபட்டதும் பின்பக்கம் தண்ணீர் தேங்கி ஏரியாகி, வீடுகளையும் வயல்களையும் மூடியது. முதல் இரவிலேயே புதைந்தவர்கள் பலர். அடைப்பு உடைந்தால் கீழே இருக்கும் ஊர்கள் போய்விடும் என்று தெரிந்து, மேலே ஒரு கால்வாய் வெட்டினார்கள், கீழ்ப்பக்கத்து மக்களை அங்கிருந்து அகற்றினார்கள். மே முதலாம் திகதி அது உடைத்துக்கொண்டு பாய்ந்தது. பாலங்கள் போயின, வீடுகள் போயின. ஆட்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்ததால் அந்த வெள்ளத்தில் உயிரிழப்பு மிகக் குறைவு.

அம்மா, உங்கள் வீட்டுச் சுவரிலோ முற்றத்திலோ புதிதாக வெடிப்பு கண்டாலும், மலையிலிருந்து வரும் பீலித் தண்ணி திடீரென்று கலங்கினாலும் நின்றாலும், மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும், யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். பாத்திரம் பண்டத்தை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: அங்கே என்ன சாப்பிடுவார்கள்? (வாசகர், ஹட்டன்)

அவித்த சோளம், உருளைக்கிழங்கு, சோறும் உண்டு. உருளைக்கிழங்கின் தாயகமே அந்தீஸ். விசேஷ நாளில் கினிப்பன்றியைச் சுட்டுப் பரிமாறுவார்கள்.

கேள்வி: நீங்கள் அங்கே போனால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? (பழைய மாணவி, பண்டாரவளை)

நீலக் குவிமாடத் தேவாலயத்தைப் பார்க்கச் சொல்லித்தான் எல்லாப் படங்களும் கூப்பிடுகின்றன. 1885இல் கட்டத் தொடங்கிய பெரிய கட்டடம், அழகானதுதான். ஆனால் மகள், நான் முதலில் தொமெபம்பா ஆற்றங்கரைக்குப் போவேன். அங்கே பாதிப் பாலம் ஒன்று இருக்கிறது. 1950இல் வந்த வெள்ளம் மற்றப் பாதியைக் கொண்டுபோய்விட்டது. மீதியை அவர்கள் இடிக்கவில்லை. ஆற்றின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கல் வளைவுகளில் மக்கள் போய் நின்று தண்ணீரைப் பார்க்கிறார்கள். உடைந்த பாலம் என்பதே அதன் பெயர்.

அடுத்த நாள் பஸ் பிடித்து சிக்சிக் பக்கம் போவேன். தொப்பி பின்னும் ஊர். அங்கே பின்னிக்கொண்டிருக்கும் ஓர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய விரல்களைப் பார்க்க வேண்டும். எனக்கு ஸ்பானிய மொழி நாலு சொல்தான் வரும். பெயர் என்ன, ஊர் என்ன என்று கேட்க அது போதும். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வந்து, இதே பக்கத்தில் போடுவேன்.