கேற்றடியில் சம்பளம்

கேள்வி: களுவாஞ்சிக்குடிப் பக்கம் அரிசி ஆலை நடத்துகிறேன். அப்பாவுக்குப் பிறகு நான் பொறுப்பெடுத்து எட்டு வருடமாகிறது. இப்போது 16 பேர் வேலை செய்கிறார்கள். ஒருவரிடமும் உற்சாகம் இல்லை. கொழும்பில் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போய்வந்து சுவரில் வாசகங்கள் ஒட்டினேன். ‘மாதத்தின் சிறந்த ஊழியர்’ பரிசும் வைத்தேன். பலனில்லை. போன மாதம் பெல்ட் அறுந்து, நான் போன் எடுக்கும்வரை இரண்டு மணித்தியாலம் மில் சும்மா நின்றது. ஏழு வருடம் நின்ற மெஷின்காரர் மூன்று மாதத்துக்கு முன் கத்தாருக்குப் போய்விட்டார். எல்லோரையும் ஒரு குடும்பம்போலத்தான் நடத்துகிறேன். வீடும் மில்லும் ஒரே வளவில் இருந்த காலத்தில் அப்பா செய்ததுபோல, சம்பளத்தைக்கூட என் கையாலேயே கொடுக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு ஒன்பது மணிக்குக் கல்லடி வீட்டுக்கு வரச்சொல்லி, கோயிலால் வந்ததும் கொடுப்பேன். இவர்களை ஊக்கப்படுத்த என்ன வழி?

பதில்: தம்பி, பெல்ட்டும் பரிசும் கிடக்கட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கதைப்போம்.

ஒன்பது மணிக்கு வரச்சொல்கிறீர்கள். நீங்கள் கோயிலால் வருவது எத்தனை மணிக்கு? அதை எழுதவில்லை. அதுவரை அந்தப் பதினாறு பேரும் எங்கே நிற்கிறார்கள்? உள்ளே கதிரை போடுகிறீர்களா, கேற்றடியிலா? மண்டூரிலிருந்து வருகிறவர் வாவியைக் குருமண்வெளித் துறைக்குப் பாதையில் (மிதவைப் படகில்) கடந்து, பிறகு பஸ் பிடித்துக் கல்லடிக்கு வரவேண்டும். தான் உழைத்த காசை வாங்க, தன் கைக்காசைச் செலவழித்து, தன் ஒரே லீவு நாளில். பிள்ளையை அறநெறிப் பாடசாலைக்கு யார் கூட்டிப்போவது? தாயைப் பார்க்க எப்போது போவது?

கோயிலில் முன்னீடு என்ற முதல் மரியாதை கொடுப்பதில் வரிசை மாறினால் வழக்குவரை போகிற ஊர் நம்முடையது. உங்கள் தாய்வழிக் குடிக்குரிய மரியாதை ஒருநாள் பிந்தினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? உங்கள் மில்லில் மூட்டை தூக்குகிறவரும் அதே மண்ணில் பிறந்தவர்தான்.

அப்பாவைச் சாட்டாதீர்கள். அவர் காலத்தில் வீடும் மில்லும் ஒரே வளவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேலை முடிந்தவர் நாலு எட்டு நடந்து வந்து காசை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நீங்கள் வீட்டைக் கல்லடிக்கு மாற்றினீர்கள், வழக்கத்தை மட்டும் மாற்றவில்லை. தூரம் முழுவதும் அவர்கள் தலையில் விழுந்தது. ஒரு குடும்பம் என்கிறீர்கள். அவரவருக்குச் சொந்தமாக ஒரு குடும்பம் இருக்கிறது. அதன் ஞாயிற்றுக்கிழமையை எடுக்க உங்களுக்கு உரிமையில்லை.

ஆகவே முதல் வேலை: மாதம் 5ஆம் திகதிக்குள் ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கிலும் சம்பளம் விழவேண்டும். கணக்கில்லாதவருக்குத் திறக்க உதவுங்கள். அதுவரை வேலை நேரத்துக்குள், மில்லிலேயே, மூடிய கடித உறையில் கொடுங்கள். ஆளுக்கொரு சம்பளச் சிட்டை வேண்டும். அடிப்படைச் சம்பளம், மேலதிக நேரம், பிடித்த முற்பணம், ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) பிடித்த 8 வீதம், நீங்கள் போடும் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) நீங்கள் தனியாகப் போடும் 3 வீதம், எல்லாம் அதில் இருக்கட்டும். இந்த 3 வீதத்தைத் தொழிலாளியிடம் பிடிக்கும் முதலாளிமார் உண்டு. நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை என்று நம்புகிறேன். நிதிப் பணம் அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேரவேண்டும். முற்பணத்துக்கும் ஒரு ஒழுங்கு வையுங்கள்: சம்பளத்தில் காற்பங்குவரை, மூன்று மாதத்தில் கழிவு, எல்லோருக்கும் ஒரே கணக்கு. யாரும் உங்கள் முகம் பார்த்துக் கெஞ்சத் தேவையிருக்காது.

இனிப் பெல்ட்டுக்கு வருவோம். காசுக்கே உங்கள் வாசலில் காத்துநின்று பழகியவர்கள் பெல்ட்டுக்கும் காத்துநின்றார்கள். இதிலென்ன அதிசயம்? களஞ்சியத்தில் ஒவ்வொரு அளவிலும் ஒரு பெல்ட், உமி நீக்கும் இறப்பர் ரோலர் ஒரு சோடி எப்போதும் இருக்கவேண்டும். திறப்பு இப்போதைய மெஷின்காரரிடம் இருக்கட்டும். இருபதாயிரம் ரூபாய்வரை உங்களைக் கேட்காமல் சாமான் வாங்கலாம், பில் மட்டும் வைக்கவேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். மில்லை நிறுத்தும் அதிகாரத்தையும் அவருக்கே கொடுங்கள். ரோலர் தேய்ந்தால் உமி நீங்காத நெல் கூடுவதை முதலில் காண்பவர் அவர். வாய் திறக்கப் பயந்தால் இடைவெளியை இறுக்கிச் சமாளிப்பார், குறுணல் (உடைந்த அரிசி) ஏறும். நெல் 14 வீத ஈரத்துக்கு வராமல் அரைக்க வந்தாலும், வெயிலில் ஒரேயடியாகக் காய்ந்து வெடித்திருந்தாலும் அப்படித்தான். இதைச் சொன்னவருக்குப் போனமுறை என்ன கிடைத்தது? ஏச்சா? அப்படியானால் அடுத்தமுறை சொல்லமாட்டார்.

தினமும் காலையில் பத்து நிமிடம் நின்று கதையுங்கள். தீட்டிய அரிசியில் 100 கிராம் எடுத்து, குறுணலைக் கையால் பிரித்து, நிறுத்து, பலகையில் எழுதுங்கள். நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு, ஏன் என்று கேளுங்கள். முதலில் அவர்கள் சொல்லட்டும், நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். ஒருவர் சொன்னதால் ரோலர் மாறியது என்றால் அவர் பெயரைச் சொல்லியே பாராட்டுங்கள். ஏசவேண்டி வந்தால் அறைக்குள் கூப்பிட்டு ஏசுங்கள்.

‘சிறந்த ஊழியர்’ பரிசை இன்றைக்கே நிறுத்துங்கள். நெல் அவிக்கிறவரையும் லொறியில் மூட்டை ஏற்றுகிறவரையும் எந்தக் கோலால் அளந்தீர்கள்? மாதம் ஒருவருக்குச் சிரிப்பு, பதினைந்து பேருக்கு எரிச்சல். பெரும்போக நெல் வந்து குவியும் மாதங்களில் குறுணல் குறைந்தால், மிச்சமான இலாபத்தில் ஒரு பங்கை எல்லோருக்கும் சமமாகக் கொடுங்கள். கணக்கையும் காட்டுங்கள். சுவரில் ஒட்டியதைக் கிழித்தாலும் சரி, கிடந்தாலும் சரி.

இத்தனையும் செய்தாலும் கத்தாருக்குப் போகிறவர் போகத்தான் செய்வார். அங்குள்ள சம்பளத்தோடு நீங்கள் போட்டிபோட முடியாது. ஆனால் போன மெஷின்காரரின் கணக்கை முடித்தீர்களா? அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மாதச் சம்பளக்காரர் என்றால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், ஏழு வருடத்துக்கு மூன்றரை மாதம். விலகி 30 நாளுக்குள் கொடுத்திருக்கவேண்டும். நீங்கள் ஏற்கனவே பிந்திவிட்டீர்கள், மேலதிகக் கட்டணமும் சேரும். மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்தில் தொகையைச் சரிபார்த்து, இந்தக் கிழமையே அவர் கணக்கில் போடுங்கள்.