கணக்கு கேளுங்கள்: சேர்ந்த உருவங்களுக்குக் கன அளவு

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. உருளை, கூம்பு, கோளம் எல்லாவற்றுக்கும் சூத்திரம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் இரண்டு உருவம் சேர்ந்து ஒரு கணக்கு வந்தால் அப்படியே நின்றுவிடுகிறாள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சூத்திரம் தெரிந்த பிள்ளைகள் இங்கே தடுமாறுவது பெரும்பாலும் உயரத்தில்தான். கான்கிரீட் கலக்கும் ரெடிமிக்ஸ் பிளாண்டில் சிமென்ட் சேமிக்கும் பெரிய தொட்டியான சைலோவைப் பார்த்திருப்பீர்கள், மேலே உருளை, அடியில் தலைகீழ்க் கூம்பு. விட்டம் 2.8 மீட்டர், மொத்த உயரம் 7.5, அதில் கூம்பு 1.5 என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் 7.5-ஐ அப்படியே உருளைக்குப் போட்டுவிடுவார்கள். உருளையின் உயரம் 6 மீட்டர்தான். இந்த ஒரு கவனக்குறைவில் விடை 9.24 கன மீட்டர் கூடிப்போகும்! அதனால் முதல் வேலை படம் வரைவது, உருவங்கள் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டு ஒவ்வொரு துண்டுக்கும் அதனதன் உயரத்தைத் தனியாக எழுதுவது.

அப்புறம், இரண்டு சூத்திரத்தையும் தனித்தனியாகப் போட்டு முழுக்கப் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டுக்கும் அடிப்பரப்பு ஒன்றே: 22/7 × 1.4 × 1.4 = 6.16. உருளைக்கு முழு உயரம், கூம்புக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆக 6 + 0.5 = 6.5, அதை 6.16-ஆல் பெருக்கினால் 40.04 கன மீட்டர், முடிந்தது. கூம்புக்குப் பதில் அரைக்கோளம் வந்தால் அதன் உயரம் ஆரம்தான், அதில் மூன்றில் இரண்டு பங்கு எடுக்க வேண்டும். கேஸ் டேங்கர் மாதிரி இரண்டு முனையும் அரைக்கோளமாக இருந்தால் மொத்த நீளத்தில் இரண்டு ஆரத்தையும் கழித்தால்தான் உருளையின் நீளம் வரும்.

ஒரே ஆரம், உயரமும் ஆரத்துக்குச் சமம் என்றால் கூம்பு, அரைக்கோளம், உருளை மூன்றின் கன அளவும் 1 : 2 : 3 என்று வரும். எனக்கு மிகவும் பிடித்த விகிதம் இது. உருளைக்குள் கச்சிதமாக அடங்கும் கோளம் அந்த உருளையில் மூன்றில் இரண்டு பங்கு என்று நிறுவியவர் ஆர்க்கிமிடீஸ். அவர் கல்லறையில் அந்த இரண்டு உருவங்களும் இருந்தனவாம். கி.மு. 75-ல் சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரில், முட்புதர் மூடிக் கிடந்த அந்தக் கல்லறையை இந்த அடையாளத்தை வைத்துத்தான் கண்டுபிடித்ததாக ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதியிருக்கிறார். மகளிடம் இதைச் சொல்லுங்கள், விகிதம் மறக்காது.

கேள்வி: கன அளவைக் கூட்டுவது போலப் புறப்பரப்பையும் கூட்டலாமா?
- பத்தாம் வகுப்பு மாணவர், திருநெல்வேலி

பதில்: கூடாது தம்பி. ஒட்டும் முகம் உள்ளே மறைந்துவிடும். 4 செ.மீ பக்கமுள்ள இரண்டு கனசதுரங்களை ஒட்டினால் கன அளவு 64 + 64 = 128 கன செ.மீ, அதில் மாற்றமில்லை. புறப்பரப்பு 96 + 96 = 192 அல்ல, ஒட்டிய இரண்டு முகங்களின் 32-ஐக் கழித்து 160 சதுர செ.மீ.

கேள்வி: கிணற்று உறைக்கு எவ்வளவு கலவை பிடிக்கும் என்று எப்படிக் கணக்கிடுவது?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இங்கே கூட்டல் இல்லை, கழித்தல். வெளி ஆரம் 50 செ.மீ, உள் ஆரம் 45, உயரம் 30 என்று வைப்போம். தடிமன் 5 தானே என்று 5-ஐ வர்க்கம் செய்தால் 25 வரும், விடை எங்கோ போய்விடும். தனித்தனியாக வர்க்கம் செய்துவிட்டுக் கழிக்க வேண்டும்: 2500 − 2025 = 475. பெரிய எண்களை வர்க்கம் செய்யச் சலிப்பாக இருந்தால் (50 + 45) × (50 − 45), அதாவது 95 × 5 என்று போடுங்கள், அதே 475. அப்புறம் 3.14 × 475 × 30 = 44,745 கன செ.மீ, அதாவது ஓர் உறைக்குச் சுமார் 45 லிட்டர் கலவை, சிந்துவது சேதாரம் தனி.