பிசிஜி இழந்த மரபணுக்கள்

கேள்வி: கிருமிகளை விழுங்கிச் செரிப்பது வெள்ளையணுக்களின் வேலை என்று படிக்கிறோம். அப்படியிருக்க, காசநோய்க் கிருமி அதே வெள்ளையணுவுக்குள் எப்படிப் பிழைத்திருக்கிறது? சுரப்பு அமைப்பு மரபணுக்களுக்கு இதில் பங்கு உண்டு என்கிறார்களே?
(நுண்ணுயிரியல் மாணவி, திண்டுக்கல்)

பதில்: நுரையீரலை அடையும் காசநோய்க் கிருமியை மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளையணு விழுங்கி, சவ்வாலான ஒரு பைக்குள் அடைக்கிறது. வழக்கமாக அந்தப் பை அமிலமாகி, செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோமுடன் இணைய, உள்ளே இருக்கும் கிருமி சிதைந்துபோகும். காசநோய்க் கிருமியோ இந்த இணைப்பைத் தடுத்து நிறுத்துவதோடு, பையின் சவ்வையும் சேதப்படுத்துகிறது. இந்த இரண்டாவது வேலைக்கு அடிப்படையானது ஈஎஸ்எக்ஸ்-1 என்னும் சுரப்பு அமைப்பு. கிருமியின் உறை மெழுகு போன்ற கொழுப்பால் தடித்திருப்பதால், உள்ளே உருவாகும் புரதங்கள் தாமாக வெளியேற முடியாது; உட்சவ்வில் பொருந்தியிருக்கும் ஒரு புரதத் தொகுதிதான் ஆற்றலைச் செலவிட்டு அவற்றை வெளியே அனுப்புகிறது. இவ்வகை அமைப்புகள் ஐந்து இக்கிருமியிடம் உள்ளன.

ஈஎஸ்எக்ஸ்-1 வெளியேற்றும் புரதங்களுள் ஈசாட்-6, சிஎஃப்பி-10 ஆகிய இரண்டும் இணையாகவே வெளிவருகின்றன. ஈசாட்-6 தனியாகவே சவ்வைத் துளைக்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் இந்த அமைப்பு பழுதானால் சவ்வு சேதமடைவது பெரிதும் குறைகிறது என்பதில் ஐயமில்லை. சவ்வு கிழிந்தபின் மேக்ரோஃபேஜ் மடிகிறது. வெளிவரும் கிருமிகளை அடுத்த மேக்ரோஃபேஜ்கள் விழுங்குகின்றன. காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான ஒரு மீன் கிருமியை, உடல் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் செலுத்திப் பார்த்தபோது இந்தத் தொடர் நிகழ்ச்சி நேரடியாகவே தெரிந்தது. காக்க வந்த செல்களே கிருமி பெருகுவதற்கு இடம் கொடுத்துவிடுகின்றன. இதை நோய்க்கென்றே உருவான ஆயுதம் என்று எண்ணிவிட வேண்டாம்: மண்ணில் வாழும் தீங்கற்ற உறவுக் கிருமி ஒன்றும் இதே அமைப்பை வைத்திருக்கிறது, தங்களுக்குள் டிஎன்ஏவைப் பரிமாறிக்கொள்வதில் அதற்கு இது பயன்படுகிறது.

இம்மரபணுக்களின் முக்கியத்துவத்துக்கு மிகத் தெளிவான சான்று, தற்செயலாக நேர்ந்த ஓர் இழப்பு. பிரான்ஸின் லீல் நகரில் கால்மெட், கேரன் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கு ஊடகத்தில் 1908 முதல் 1921 வரை சுமார் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் இழக்கச் செய்தார்கள். அதுவே பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசி. என்ன இழந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆர்டி1 என்னும் மரபணுப் பகுதி பிசிஜி வகைகள் எதிலும் இல்லை என்பது 1996இல்தான் வெளியானது. ஈசாட்-6, சிஎஃப்பி-10 ஆகியவற்றின் மரபணுக்களும் சுரப்பு அமைப்பின் சில பகுதிகளும் அதற்குள்தான் இருந்தன. 2002இல் அப்பகுதியைப் பிசிஜிக்குள் திரும்பச் சேர்த்தபோது, இழந்த வீரியத்தில் ஒரு பகுதி மீண்டது.

கேள்வி: பிசிஜி போட்ட குழந்தைக்குக் காசநோய்த் தொற்றுச் சோதனை தவறாகத் தொற்று இருப்பதாகக் காட்டுமா?
(இல்லத்தரசி, நாகர்கோவில்)

பதில்: தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பழைய மான்டூ சோதனையில் அப்படி நேரலாம். ஈசாட்-6, சிஎஃப்பி-10 புரதங்களுக்கு இரத்த வெள்ளையணுக்கள் எதிர்வினை காட்டுகின்றனவா என்று பார்க்கும் இக்ரா சோதனையைத் தடுப்பூசி குழப்பாது. பிசிஜியிடம் அந்தப் புரதங்களே இல்லை. எனினும், உறங்கும் தொற்றா முற்றிய நோயா என்பதை இச்சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது.

கேள்வி: செங்கல்பட்டு ஆய்வில் பிசிஜி பெரியவர்களைக் காக்கவில்லையே, மரபணு இழப்புதான் காரணமா? திரும்பச் சேர்த்துவிடலாமே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுராந்தகம்)

பதில்: 1968இல் தொடங்கிய அந்தப் பெரிய ஆய்வில் பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதே மரபணுக்கள் இல்லாத பிசிஜிதான் 1950களில் பிரிட்டனின் பள்ளிப் பிள்ளைகளுக்கு முக்கால் பங்குக்கும் மேலான பாதுகாப்பைத் தந்தது. ஆகவே இழப்பை மட்டும் காரணமாகச் சொல்வது அவசர முடிவு என்பதே என் கருத்து. சுற்றுச்சூழலில் உள்ள உறவுக் கிருமிகளின் தாக்கத்தைப் பலர் முக்கியமாகக் கருதுகிறார்கள். ஆர்டி1 சேர்த்த பிசிஜி 2003இல் எலிகளுக்கும் கினிப் பன்றிகளுக்கும் கூடுதல் பாதுகாப்பு அளித்தது. ஆனால் எதிர்ப்புத் திறன் அற்ற எலிகளில் அது வழக்கமான பிசிஜியைவிடக் கொடியதாக இருந்தது. பிறந்த குழந்தைகளுக்குப் போடப்படும் தடுப்பூசியில் அந்த ஆபத்தை ஏற்க முடியாது. மனிதக் காசநோய்க் கிருமியிலிருந்தே உருவாக்கப்பட்டு, மனிதர்களிடம் சோதிக்கப்பட்டுவரும் எம்டிபிவாக் என்னும் தடுப்பூசி வேறு வழியில் செல்கிறது: ஈசாட்-6 மரபணு அதில் அப்படியே இருக்கிறது, ஆனால் அதன் வெளியேற்றத்துக்குத் தேவையான கட்டுப்பாட்டு மரபணு நீக்கப்பட்டிருப்பதால், புரதம் கிருமிக்குள்ளேயே தங்கிவிடுகிறது.