கேத்தே கோல்விட்ஸின் அன்னையர் – கடிதம்

வணக்கம்.

நீங்கள் எழுதியிருந்த ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் 'இறந்த குழந்தையுடன் பெண்' (1903) அச்சோவியத்தைத் தேடிப் பார்த்தேன். அன்றிரவு தூக்கமே இல்லை. தாயாகவே தெரியவில்லை, இரையைக் கவ்விக்கொண்ட விலங்கு மாதிரி இருக்கிறாள். அந்தக் குழந்தைக்கு மாதிரியாக இருந்த மகன் பீட்டர் 1914-ல் போரில் செத்தான் என்று படித்ததும் இன்னும் கலங்கிப்போனேன். நடக்கப்போவது அந்தத் தாய்க்கு முன்பே தெரிந்திருந்ததா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முன்னுணர்வு என்று நான் நினைக்கவில்லை. தம்பி பெஞ்சமின் கைக்குழந்தையாகவே இறந்ததைச் சிறுமியாக இருந்தபோது பார்த்தவர் கேத்தே. துக்கத்தை வெளிக்காட்டாத அம்மாவையும் பார்த்தார். கணவர் கார்ல் பெர்லினில் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில் மருத்துவர். அவரிடம் வரும் பெண்கள் கேத்தேயிடமும் தங்கள் பாடுகளைச் சொல்வார்கள். பிள்ளைச் சாவு அவருக்கு அக்கம்பக்கத்துச் செய்தி.

விலங்கு என்றீர்கள். சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். சம்மணமிட்ட அந்த நிர்வாண உடலில் முழங்காலும் கையும்தான் பெரிதாகத் தெரிகின்றன. முகம் பாதி குழந்தையின் மார்புக்குள் புதைந்திருக்கிறது. செம்புத் தகட்டில் கீறி அமிலத்தில் அரித்தெடுத்த கோடுகள் அவை, தசையின் முறுக்கு வரைக்கும் காட்டும். ஏழு வயதுப் பீட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து வரைந்தாராம். பாரம் தாங்காமல் முனகியபோது, படம் நன்றாக வரும் அம்மா என்று பையன்தான் தேற்றியிருக்கிறான்.

மகனின் சாவு இருப்பது இந்தப் படத்தில் அல்ல, பின்னால் அவர் செய்த 'போர்' என்ற அச்சோவிய வரிசையில். 1914-ல் பீட்டருக்குப் பதினெட்டு வயது. படையில் சேர அப்பாவின் சம்மதம் வேண்டும். கார்ல் மறுத்தார். அவரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தவர் கேத்தே. அக்டோபரில் பெல்ஜியத்தில் பீட்டர் கொல்லப்பட்டான். இதை எப்படிச் சொல்வது என்று அவருக்குப் பல வருடங்கள் பிடிபடவில்லை. தகட்டை அமிலத்தில் அரிக்கும் எட்சிங்கும், கல்லில் வரைந்து அச்செடுக்கும் கல்லச்சும் கைகொடுக்கவில்லை. 1920-ல் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளை, அதாவது மரப்பலகையில் செதுக்கி அச்செடுத்த படங்களை, பார்த்த பிறகே வழி தெரிந்தது. மரத்தில் அந்த நுணுக்கக் கோடுகள் கிடையாது. செதுக்கியது வெள்ளை, விட்டது கறுப்பு. ஏழு மரச்செதுக்குகளில் முதலாவது 'பலி'. ஒரு தாய் கண்ணை மூடிக்கொண்டு தன் சிசுவை இரு கைகளாலும் நீட்டுகிறாள். என்னை உலுக்குவது இதுதான். பறிகொடுத்தவளை எத்தனையோ பேர் வரைந்திருக்கிறார்கள். தானே எடுத்துக் கொடுத்தவளை, அது நானும்தான் என்று ஒப்புக்கொண்டு வரைய எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அடுத்த உலகப் போரின்போது அவர் செய்த கடைசிக் கல்லச்சு, 'விதைநெல்லை அரைக்கக் கூடாது'. ஒரு கிழவி மூன்று பையன்களைக் கைகளுக்குள் அடக்கி வைத்திருக்கிறாள். அதன் பிறகு 1942-ல், பீட்டர் என்றே பெயர் வைத்திருந்த பேரனும் ரஷ்யப் போர்முனையில் இறந்தான். இதையும் முன்னுணர்வு என்பார்கள். மூன்றாவது வருடமாகப் போர் நடக்கும்போது ஒரு பாட்டிக்குப் பயம் வர முன்னுணர்வு எதற்கு? அந்தப் பையன்களின் முகங்களைப் பாருங்கள். ஒருவன்கூட அவளிடம் தஞ்சம் புகுந்தவன் போல இல்லை. எப்போது வெளியே ஓடலாம் என்று பார்க்கிறார்கள். 1914-ல் தன் மகனிடம் சொல்லாத 'போகாதே'யை அவர்களிடம் சொல்கிறாள்.