சிவப்புக் காக்டெயில் வீட்டிலேயே: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

கிளாசில் சேர்க்கும் அளவெல்லாம் ஒரு கிளாசுக்கு, மி.லி.யில்; சிரப், கிரெனடின், தக்காளிச் சாறு செய்யும் அளவு மட்டும் மொத்தமாகச் செய்து வைக்க. அளவுக் கோப்பை இல்லாதவர்கள் இருமல் டானிக் பாட்டில் மேல் வரும் பிளாஸ்டிக் மூடியைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள்; 5, 10, 15 என்று கோடு போட்டிருக்கும். கண்ணளவில் ஊற்றினால் புளிப்பும் இனிப்பும் ஒருநாளும் சேராது.

காட்பாடி: அண்ணா, செம்பருத்திப் பூவைக் கொதிக்க வெச்சா சிவப்பா வராம ஊதாவா பூடுது. பூவுல கோளாறா?

பூவில் இல்லை, தண்ணீரில். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் அதைக் காரத்தன்மை உள்ளதாக்கும். செம்பருத்தியில் இருப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி. புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலம் பாயும். அதனால் கேன் தண்ணீர் எடுங்கள், 300 மி.லி.

ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தி 15 பூ. பச்சைப் புல்லியையும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டையும் கிள்ளி எறியுங்கள். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, பிறகு இதழ்களைப் போட்டு மூடுங்கள். 5 நிமிடத்தில் இதழ் வெளுத்துவிடும், உடனே வடிகட்டுங்கள். இதழோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் கொழகொழப்பு இறங்கி, குடிக்கும்போது தொண்டையில் வழுக்கும். சூட்டோடு 200 கிராம் சர்க்கரையைக் கரைத்து, ஆறியபின் 2 எலுமிச்சை பிழியுங்கள். மங்கிய ஊதா அந்த நொடியில் மாணிக்கச் சிவப்பாகும். அலுமினியம், இரும்புப் பாத்திரம் வேண்டாம். உலோகம் சேர்ந்தால் நிறம் கெடும். எவர்சில்வர் போதும்.

இந்தச் சிரப் 30 மி.லி., ஜின் 45, எலுமிச்சைச் சாறு 15, ஐஸ், மேலே 90 சோடா. கடைசியில் நிறம் மறுபடி மங்கினால் சோடா பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். சிலவற்றில் சோடியம் பைகார்பனேட் சேர்த்திருப்பார்கள். மருந்தடித்த பூவைத் தொடவே வேண்டாம்.

காட்பாடி, ஹாஸ்டல்: எனக்கு 19 வயசு. வோட்கா இல்லாம இதெல்லாம் நல்லா இருக்குமா?

தமிழ்நாட்டில் 21 ஆகும்வரை அப்படித்தான் குடிக்கணும், தம்பி. மேலே சொன்னதில் ஜின்னை எடுத்துவிட்டு எலுமிச்சையை 20 ஆக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போடுங்க. மது இல்லாத பானத்தில் இனிப்பு தூக்கலாகத் தெரியும். அதை அடக்கத்தான் கூடுதல் எலுமிச்சை.

ராணிப்பேட்டை: கடையில் வாங்கிய கிரெனடின் (காக்டெயிலில் விடும் சிவப்பு மாதுளைப் பாகு) வெறும் சர்க்கரையும் சாயமுமாக இருக்கிறது. மாதுளையில் செய்ய முடியுமா? ஒருமுறை செய்தேன், பழுப்பாகி ஜாம் வாசனை வந்துவிட்டது.

கொதிக்கவிட்டிருக்கிறீர்கள். சர்க்கரை கரையும் சூடு போதும், குமிழி வரக்கூடாது. பக்வா ரக மாதுளை வாங்குங்கள், முத்து அடர்சிவப்பாக இருக்கும். கணேஷ் ரகம் தின்ன நல்லது, நிறத்துக்கு ஆகாது. முத்துக்களை மிக்சியில் இரண்டு மூன்று முறை விட்டுவிட்டுச் சுற்றி, மெல்லிய துணியில் பிழியுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் விதை அரைந்து கசக்கும். சாறு 250 மி.லி.க்குச் சர்க்கரை 250 கிராம். இளஞ்சூட்டில் கிண்டி, இறக்கி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. வெந்நீரில் கழுவிக் காயவைத்த பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. குமிழி கட்டினாலோ புளித்த வாசனை அடித்தாலோ கொட்டிவிடுங்கள்.

ஆரணி: டெக்கீலா சன்ரைஸ்ல சிவப்பு அடியில நிக்க மாட்டேங்குது, எல்லாம் கலந்துக்குது.

வரிசை மாறியிருக்கும். முதலில் ஐஸ், அப்புறம் டெக்கீலா 45, ஆரஞ்சுச் சாறு 90, ஒரே ஒரு கலக்கு. அதன்பிறகு கிரெனடின் 15-ஐக் கிளாசின் உள்சுவரை ஒட்டி மெதுவாக விடுங்கள். சர்க்கரைப் பாகு கனமானது, தானே இறங்கும். அதற்குமேல் கரண்டி கிட்டே வரக்கூடாது. டெக்கீலா கிடைக்காவிட்டால் ஒயிட் ரம். சாத்துக்குடி வேண்டாம், வெளிறிப்போய் இருக்கும். கமலா ஆரஞ்சு எடுங்கள்.

சத்துவாச்சாரி: தர்பூசணி ஜூஸ் கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணி, கீழே சிவப்புன்னு பிரிஞ்சிடுது சார்.

அதன் சிவப்பு லைகோபீன் என்ற நிறமி, தண்ணீரில் கரையாது. சதைத் துகளோடு ஒட்டிக்கொண்டு அதோடு சேர்ந்து அடியில் இறங்கும். மெல்லிய துணியில் வடிகட்டினால் நிறத்தையே வடிகட்டி எறிகிறீர்கள் என்று அர்த்தம். டீ வடிகட்டி போதும், அடித்தவுடன் குடிக்க வேண்டும். 250 கிராம் துண்டுகளை விதை நீக்கி, பாதியை ஃப்ரீசரில் உறைய வையுங்கள். பாதிப் பழம், உறைந்த பாதி, வோட்கா 45, எலுமிச்சை 15, புதினா 4 இலை, உப்பு ஒரு சிட்டிகை. தனியாக ஐஸ் தேவையில்லை. அக்னி நட்சத்திர வெயிலில் ஐஸ் போட்டால் பாதி கிளாஸ் வெறும் தண்ணீராகிவிடும்.

குடியாத்தம்: ப்ளடி மேரிக்கு டின் தக்காளி ஜூஸ்தான் வேணுமா? மீன் சேர்த்த சாஸ் எங்க வீட்ல ஆகாது.

டின் வேண்டாம். ஆனால் வேகவைக்காத தக்காளிச் சாறும் ஆகாது, பிரியும். தக்காளியை வெட்டியதும் அதிலுள்ள நொதி பெக்டினை உடைக்க ஆரம்பிக்கும். சாற்றைக் கெட்டியாகப் பிடித்து வைப்பதே பெக்டின்தான். அதனால் 500 கிராம் பழுத்த நாட்டுத் தக்காளியை வெட்டிய கையோடு சூடான சட்டியில் போட்டு, மூடி 5 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து அரைத்துச் சல்லடையில் தேயுங்கள்.

வோட்கா 45, இந்தச் சாறு 90, எலுமிச்சை 15. வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு. அதற்குப் பதில் கெட்டிப் புளிக்கரைசல் அரை டீஸ்பூன், மிளகுத்தூள், உப்பு, சில்லி சாஸ் சில சொட்டு. என்னைக் கேட்டால் நம் நாக்குக்குப் புளிதான் இன்னும் பொருத்தம். குலுக்காதீர்கள், நுரைத்து வெளிறிவிடும். ஐஸோடு இரண்டு டம்ளரில் டீ ஆற்றுகிற மாதிரி நாலைந்து முறை மாற்றி ஊற்றுங்கள்.

வாலாஜா: நெக்ரோனி காக்டெயிலில் சேரும் காம்பாரி என்ற கசப்பு மதுவின் சிவப்பு பூச்சியிலிருந்து வருவதாமே?

முன்பு அப்படித்தான், கொச்சினீல் பூச்சி. 2006-ல் நிறுவனம் அதை விட்டது. சந்தேகமிருந்தால் லேபிளில் 120 என்ற நிற எண் இருக்கிறதா என்று பாருங்கள். நெக்ரோனிக்கு ஜின், காம்பாரி, இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்) தலா 30. ஐஸில் அரை நிமிடம் கிண்டி, ஆரஞ்சுத் தோல் ஒரு சீவல்.

அணைக்கட்டு: வேலியோரம் சப்பாத்திக்கள்ளிப் பழம் நிறைய கீது. ஒயிட் ரம்மோட சேருமா?

அருமையாகச் சேரும். கையால் மட்டும் பறிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத முள் தோலில் ஏறினால் நாள் முழுக்க உறுத்தும். இடுக்கியால் பிடித்து அடுப்புத் தணலில் அரை நிமிடம் திருப்பித் திருப்பிச் சுட்டு, பிரஷால் தேய்த்துக் கழுவிப் பிளந்து, சதையைச் சுரண்டிச் சல்லடையில் தேயுங்கள். விதை கல்போல் இருக்கும், மிக்சி வேண்டாம். இது பீட்ரூட் வகை நிறமி. எலுமிச்சை சேர்த்துத்தான் சிவக்க வேண்டும் என்றில்லை, ஆனால் சூட்டில் வெளுத்துவிடும். சாற்றை அடுப்பில் ஏற்றவே கூடாது. சாறு 60, ரம் 45, எலுமிச்சை 15, சர்க்கரைப் பாகு 15, மேலே சோடா. மறுநாள் சிறுநீர் சிவந்தால் பதற வேண்டாம், அதே நிறமிதான்.